குழாய்க்குள் போன மாதிரிப் பாடம்

பங்குனி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் ஏறிவிட்டது. காற்று இல்லை. வானத்தில் இரண்டு மேகங்கள் இருந்தன. இரண்டுமே எங்களைக் கண்டுகொள்ளாமல் பாலக்கோடு பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஆண்டைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள், கடிதம் போடுவார்கள். அறுபதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் நட்டுக்குத்தாக ஓர் இரும்புக் குழாய். அதன் வாயில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பேண்ட்டின் இரண்டு முட்டியிலும் செம்மண் ஒட்ட, பள்ளித் துணை ஆய்வாளர் மண்டியிட்டிருந்தார். அவரைச் சுற்றி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர். கொஞ்சம் தள்ளி, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், அவர்களுடைய வாத்தியாரான நான்.

"தெரியுதய்யா," என்றார் ஆய்வாளர், குழாய்க்குள்ளேயே பேசி. "உள்ளதான் இருக்குது. ஆனா வரமாட்டேங்குது."

உள்ளே இருந்தது அவருடைய பொடி டப்பி. பிள்ளைகள் தாமாகவே யோசித்து அதை வெளியே எடுப்பதுதான் அன்றைய மாதிரிப் பாடம். பாடம் சரியாக நடக்காவிட்டால் நான் சித்தேரி மலைக்கு மாற்றப்படுவேன் என்று முன்பே என் காதில் போட்டிருந்தார்கள்.

ஐந்து படிகள்

கம்பைநல்லூரிலிருந்து ஒரு வாசகர், "உங்கள் தொடரில் எண்களைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?" என்று கேட்டு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். பதினான்கு வரி எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன்.

அவருக்காகக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என் பேரன் விஷயம் வந்துவிட்டது. அவனுக்கு வயது ஐந்து. சனிக்கிழமைதோறும் அவனை ஒரு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். சிக்கல் வந்தால் தானே தீர்வு காணும் திறனை அங்கே வளர்க்கிறார்களாம். இந்தப் பையன், அலமாரியின் மேல் தட்டில் ஒளித்து வைத்த பிஸ்கட் டப்பாவை இரண்டு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு குடைக் கம்பி கொண்டு கீழே இறக்குகிறவன். வீட்டில் அதற்கு முதுகில் விழுகிறது. சனிக்கிழமை அதே காரியத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள்.

இந்த வியாதி புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது ஆண்டில் தருமபுரியில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. மனப்பாடம் ஒழிய வேண்டும், குழந்தை சிந்திக்க வேண்டும் என்பது தலைப்பு. ஆசிரியர்கள் நாற்பத்து மூன்று பேர். அறையில் பெஞ்சுகள் பன்னிரண்டு. பெஞ்சுக்கு மூன்று பேர் உட்காரலாம். மீதி ஏழு பேர் மூன்று நாளும் சுவரில் சாய்ந்தபடி தீர்வு காணும் முறையைக் கற்றுக்கொண்டோம். வெளியே வராந்தாவில் எட்டு பெஞ்சுகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றை உள்ளே எடுத்துப் போடலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் கரும்பலகையில் ஐந்து படிகளை எழுதிப் போட்டார். சிக்கலை உணர்தல், சிந்தித்தல், வழிகளைக் கூறுதல், செய்து பார்த்தல், மகிழ்தல். எந்தப் படியிலும் ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது.

என் பக்கத்தில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "குழந்தை கண்டுபிடிக்கலைன்னா என்னாங்க பண்றது?"

"அதுக்குத்தான் முன்னாடியே சொல்லிக் குடுத்து வெச்சிக்கணும்," என்றார் வந்தவர்.

நாற்பத்து மூன்று பேரும் அதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

எங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் படித்த காலத்தில் சிக்கல் என்றால் அது கணக்குப் புத்தகத்தில் இருக்கும். விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். எங்கள் வாத்தியார் முதல் நாளே கடைசிப் பக்கங்களைக் கிழித்து வாங்கி வைத்துக்கொள்வார். பத்து ஆட்கள் ஐந்து நாளில் ஒரு குளம் வெட்டினால் இருபது ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? இரண்டரை என்றால் சரி. எங்கள் ஊரில் இருபது ஆள் வந்தால் ஏழு பேர் வெட்டுவார்கள், பதின்மூன்று பேர் மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருப்பார்கள், குளம் அடுத்த வருஷம் முடியும் என்று ஒருமுறை நான் எழுதினேன். முழங்காலில் ஒன்பது அடி. அதற்குப் பிறகு நான் இரண்டரையை விட்டு நகர்ந்ததில்லை.

சித்தேரியில் ஓர் இடம்

அப்போது நான் நல்லம்பள்ளியிலிருந்து நான்கு மைல் உள்ளே ஒரு பஞ்சாயத்து யூனியன் துவக்கப் பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியர் துரைசாமியும் நானுமாக இரண்டே ஆசிரியர்கள். ஒருநாள் மணி அடித்து முடித்த கையோடு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சித்தேரியில ஒரு இடம் காலியா இருக்குதாம். புது முறையில பாடம் நடத்தத் தெரியாத ஆளாப் பாத்து மேல தூக்கிப் போடப் போறாங்களாம். அடுத்த செவ்வாக்கிழம ஆய்வாளர் நம்மகிட்ட வராரு."

"நம்ம ரெண்டு பேருல யாரப் பாக்க வராருங்க?"

"நான் எச்.எம். இல்லீங்களா?" என்றார் துரைசாமி, அதுவே பதில் என்பதுபோல்.

சித்தேரியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே சாமை விளையும், தேன் கிடைக்கும், பிள்ளைகளும் படிக்கும். ஆனால் அந்த நாளில் பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிடும், மேலே நடைதான். என் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எங்கள் முதல் குழந்தை தங்கவில்லை. அப்போது நாங்கள் இருந்தது வண்டி போகிற ஊர். சொல்லி அனுப்பிய வண்டி வர மூன்று மணி இருபது நிமிடம் ஆயிற்று.

ஆகவே, செவ்வாய்க்கிழமைப் பாடம் தப்பக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நூல் கட்டிய எலுமிச்சம்பழம்

பிள்ளைகளின் சுற்றுப்புறத்திலிருந்தே சிக்கலை எடுக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. எங்கள் பள்ளியின் சுற்றுப்புறத்தில் இருந்தவை: வேப்பமரம் ஒன்று, நாற்காலி இரண்டு, பானை ஒன்று, கரும்பலகை ஒன்றரை. பிறகு அந்தக் குழாய்.

சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் செருகுவதற்காகப் பதித்தது அது. தரைக்கு மேலே ஒரு சாண், உள்ளே இரண்டு முழம். கம்பம் வருடத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். மற்ற நாட்களில் பத்திரமாக இருக்கட்டும் என்று துரைசாமி வீட்டில். அவர் மனைவி அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

நான் யோசித்தேன். குழாய்க்குள் ஓர் எலுமிச்சம்பழம் விழுந்துவிட்டது, எப்படி எடுப்பது? கை எட்டாது. குச்சியில் வராது. தண்ணீர் ஊற்றினால் மிதந்து மேலே வரும். இதுதான் பாடம். எனக்கே என் மூளையைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ஒத்திகை பதினோரு முறை நடந்தது. ஒரு பையன், "சார், கையை விட்டு எடுக்கலாம்" என்று சொல்லித் தோற்க வேண்டும். இன்னொருவன், "குச்சியால் எடுக்கலாம்" என்று சொல்லித் தோற்க வேண்டும். சட்டாம்பிள்ளை நெற்றியில் விரலை வைத்து, நான் மனதுக்குள் ஆறு எண்ணும் வரை யோசித்து, "தண்ணீர் ஊற்றலாம் சார்!" என்று கத்த வேண்டும். குடம் சாய்ந்ததும் எல்லோரும் கை தட்ட வேண்டும். ஐந்தாம் படி, மகிழ்தல்.

ஒத்திகையில் தண்ணீர் கிடையாது. பங்குனி மாதம் எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிணற்றில் ஒரு குடம் ஊற முக்கால் மணி நேரம். கிணற்றைச் சுற்றி எந்நேரமும் இருபது குடம். அதனால் பதினோரு முறையும் வெறும் குடத்தைத்தான் சாய்த்தோம். பழத்தில் ஒரு நூலைக் கட்டியிருந்தேன். குடம் சாய்ந்ததும் நானே நூலை இழுத்துவிடுவேன். பழம் மிதந்து வரும்.

பச்சையம்மாள் என்று ஒரு பெண். எட்டு வயது; மூன்றாவது வரிசை. ஐந்தாம் ஒத்திகையில் கையைத் தூக்கினாள்.

"சார், நெசமா ஊத்துனா வராதுங்க சார்."

"உனக்கு என்ன வேல?" என்றேன்.

"கை தட்டறதுங்க."

"அத மட்டும் பாரு."

செவ்வாய்க்கிழமை

ஆய்வாளர் மெலிந்த மனிதர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொடி போடுவார். வந்ததும் என் கையிலிருந்த பழத்தை வாங்கிப் பார்த்தார். நூலை எடுத்துவிட்டேனே ஒழிய, அது கட்டியிருந்த இடத்தில் தோலில் கோடு விழுந்திருந்தது.

"இதென்னய்யா, பழத்துக்குப் பூணூலா?"

துரைசாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒத்திகை பாத்த பழம் வேணாம்," என்று ஆய்வாளர் அதை ஜன்னலில் வைத்துவிட்டு, பையிலிருந்து தன் பொடி டப்பியை எடுத்தார். "மைசூர் சந்தனக் கட்டை. மாமனார் குடுத்தது. மிதக்கும், கவலப்படாதீங்க. எனக்கும் பௌதிகம் தெரியும்." மூடியை இறுக்கிக் குழாய்க்குள் போட்டார். டொக் என்று ஒரு சத்தம்.

பிள்ளைகள் அசரவில்லை. கை விட்டுத் தோற்றவன் தோற்றான். குச்சி விட்டவனும் தோற்றான். சட்டாம்பிள்ளை நெற்றியில் விரலை வைத்தான். நான் ஆறு எண்ணினேன். மதிய உப்புமாவுக்காகச் சமையல்காரக் குப்பம்மாள் கொண்டுவந்து வைத்திருந்த நான்கு குடங்களில் ஒன்றைத் தூக்கிச் சாய்த்தான். பிள்ளைகள் கை தட்டின.

டப்பி ஒரு முழம் மேலே வந்தது. நான் பார்த்தேன். பிறகு களக் களக் என்று ஒரு சத்தம். தண்ணீரும் டப்பியும் கீழே போய்விட்டன.

"எதுக்குத் தட்டுறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"தீர்வு கண்டுட்டோம் சார்!" என்றார்கள் முப்பத்து நான்கு பேரும் ஒரே குரலில்.

இரண்டாவது குடம் போயிற்று. மூன்றாவது போயிற்று. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் இருந்தது. நிறுத்தச் சொல்லி நான் பழக்கவில்லை. நான்காவது குடத்தை எடுத்தபோது குப்பம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏன் வாத்தியாரே, அறுவது புள்ளைங்களுக்கு ஒலை வெக்கிற தண்ணிய இப்படிப் பொத்தல்ல ஊத்தறீங்களே, உங்களுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்குதா?"

"ஆய்வாளர் ஐயா இருக்காரு, மெதுவாப் பேசு."

"அவுருக்கும் சேத்துத்தான் கேக்கறன்."

நான்காவது குடமும் போயிற்று. இப்போதுதான் ஆய்வாளர் மண்டியிட்டு ஒற்றைக் கண்ணை வைத்தார். எழுந்தபோது அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது. ஆறு முறை அப்படிப் போய் வந்தது. முகம் மாறத் தொடங்கியது. எனக்குச் சித்தேரியின் ஏற்றம் கண்ணில் தெரிந்தது.

பச்சையம்மாள் கையைத் தூக்கினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். ஆய்வாளர் பார்த்துவிட்டார்.

"சொல்லும்மா."

"மண்ணு குடிக்குதுங்க. எவ்ளோ ஊத்தினாலும் குடிக்கும்ங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அடியில சிமெண்ட்டு இல்லீங்க. மேலாப்புல ரெண்டு சட்டி பூசினாங்க. உள்ளாற நாங்கதான் மண்ண அள்ளிப் போட்டோம். எச்.எம். சார்தான் போடச் சொன்னாருங்க."

துரைசாமிக்கு இருமல் வந்தது. அந்தக் குழாயைப் பதித்த பில்லில் மூன்று மூட்டை சிமெண்ட் என்று எழுதி, வேலை சரியாக நடந்தது என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். சாட்சியாக நானும் போட்டிருந்தேன். மூட்டைகளை நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

"சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்றார் ஆய்வாளர். பாடத்துக்காகக் கேட்டதல்ல. பொடி வேண்டும் என்று கேட்டது. அன்று அங்கே கேட்கப்பட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான்.

"குழாயப் புடுங்கிடலாங்க. இப்பத்தான் நல்லா நனஞ்சிருக்குதே. ஆட்டினா வந்துரும்ங்க."

யாரும் ஒத்திகை பார்க்காத வேலை அது. ஐந்து பேர் மேல்பூச்சைக் கல்லால் தட்டிப் பெயர்த்தார்கள். நான்கு பேர் நனைந்த மண்ணைக் கையால் அள்ளினார்கள். மற்றவர்கள் குழாயைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆட்டினார்கள். "இன்னும் சாயி! உன் பக்கம் வுடு! ஏய், காலு, காலு!" பதினெட்டு நிமிடம். சேற்றை உறிஞ்சுகிற சத்தத்தோடு குழாய் மேலே வந்தது. தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள் பச்சையம்மாள். கொழகொழவென்று சேறு விழுந்தது. அதற்குள்ளிருந்து சந்தன டப்பி.

பிள்ளைகள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, சேற்றை அப்பிக்கொண்டு குதித்தார்கள். கை தட்ட யாருக்கும் நினைவு வரவில்லை.

டப்பியின் மூடி ஊறிப்போய்த் திறக்கவில்லை. ஆய்வாளர் அவசரத்தில் அதைப் படியில் தட்ட, இரண்டாகப் பிளந்தது. உள்ளே பொடி களியாக இருந்தது. பிறகு அவர் குழாயின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். சிமெண்ட் ஒட்டியிருந்த அடையாளமே இல்லை.

"எங்கய்யா சிமெண்ட்டு?"

"கரைஞ்சிருக்கும்ங்க," என்றார் துரைசாமி. "நாலு குடம் தண்ணி ஊத்திட்டாங்க இல்லீங்களா?"

இருவரும் அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நாற்பது நிமிடம். நடுவில் துரைசாமி மட்டும் ஒருமுறை வெளியே வந்து, பச்சையம்மாளைக் கூப்பிட்டு, தலையில் குட்டினார்.

"கவர்மெண்ட் குழாயப் புடுங்கச் சொல்லுவியா?"

"அவருதானுங்க கேட்டாரு, என்ன பண்ணலாம்னு."

இன்னொரு குட்டு. மொத்தம் இரண்டு. நான் ஆறு அடி தள்ளி நின்றிருந்தேன். ஏழாவது அடிக்கு நகர்ந்தேன், பின்பக்கமாக.

அன்று உப்புமா மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வெந்தது.

அறிக்கை

சிமெண்ட் விஷயம் மேலே போகக் கூடாது என்று அறைக்குள் முடிவாகியிருந்தது. அப்படியானால் குழாய் ஏன் வெளியே கிடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் பாடம்தான். ஆகவே பாடத்தைப் புகழாமல் இருக்க முடியாது. ஆய்வாளர் இரண்டு பக்கம் எழுதினார். மாணவர்கள் தாமாகவே சிந்தித்தனர். ஆசிரியர் எவ்விதத்திலும் குறுக்கிடவில்லை. ஐந்து படிகளும் செவ்வனே நிறைவேறின. துரைசாமி எனக்குப் படித்துக் காட்டினார். ஆசிரியர் குறுக்கிடவில்லை என்பது மட்டும் உண்மை.

நான் மைசூர் போகிற ஒருவரிடம் சொல்லி அதேபோல் ஒரு டப்பி வாங்கி அனுப்பினேன். இரவில் தூக்கம் வந்தது. சரோஜா கூட, "இனிமேலாச்சும் பல்லக் கடிக்காமத் தூங்குங்க," என்றாள்.

இருபத்து மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. புதிய முறையில் இத்தனை தேர்ச்சி பெற்ற ஆசிரியரின் சேவை மலைப்பகுதிக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதால், நான் சித்தேரிக்கு மாற்றப்படுகிறேன்.

சரோஜா உத்தரவை இரண்டு முறை படித்தாள்.

"நல்லா நடத்தினாலும் சித்தேரி, நடத்தாட்டியும் சித்தேரின்னா, அந்தத் தண்ணியில நேரத்தோட புள்ளைங்களுக்கு உப்புமாவாச்சும் கிண்டிப் போட்டிருக்கலாமில்லீங்க?"

அவள் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அதையும் அவளே யோசித்துத்தான் செய்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, நான் வாங்கிக் கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"உத்தரவ மாத்த முடியாதுங்க. அதுல இருக்கிற பேர மாத்தலாம்."

மாற்றினார். என் இடத்தில் யாரோ ஒருவர் மலைக்குப் போனார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. எத்தனை வயது, எந்த ஊர், வீட்டில் யாராவது மாசமாக இருந்தார்களா என்றும் கேட்கவில்லை. என் மேசையிலிருந்த நோட்டில் மேகங்களைக்கூட எண்ணிக் குறித்திருந்தேன். இதைக் குறிக்கவில்லை.

ஆனி மாதம் தருமபுரி ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அன்று வண்டி பதினெட்டு நிமிடத்தில் வந்தது.

எழுத்தருக்கு நூற்று இருபத்தைந்து ரூபாய், பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் பத்து காசு, காப்பிக்கு முப்பது காசு. ஆக மொத்தம் நூற்று இருபத்தேழு ரூபாய் நாற்பது காசு.